கனகாம்பரம் வளர்க்கத் தொடங்குவோருக்கு: வேரிலிருந்து கதிர்வரை

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. பல ஆண்டுகள் வாழக்கூடியது. பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடுவது. ஆண்டின் பெரும்பகுதி பூப்பது. நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய செடிக்குத் தனியாக ஒரு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நட்டேன். மூன்று முறையும் செடிகள் நான்கு மாதம் நன்றாக இருந்து, கதிர்கள் பூக்கத் தொடங்கிய வேளையில் இலை சிறுத்து, வெளிறி, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன்; சத்து போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன். மூன்றாம் முறை பட்டுப்போன ஒரு செடியை வேரோடு எடுத்து வாளித் தண்ணீரில் கழுவிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளிர் நிறத்தில் நூல்போல் இருக்க வேண்டிய வேர்களில் கடுகு அளவில் முடிச்சுகள் இருந்தன. இடையிடையே வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது.

நீங்கள் அந்த மூன்று முறைகளையும் கடக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். செடி வாங்குவது ஐந்தாவது படியாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

1. எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊர்களில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, விதையிலிருந்து வளரும் ஆரஞ்சு நிறக் கனகாம்பரம். பழைய வீடுகளின் கிணற்றடியில் தானாக முளைத்து நிற்பது பெரும்பாலும் இதுதான். மற்றொன்று டெல்லி கனகாம்பரம். நிறம் அடர்ந்து இருக்கும், விளைச்சலும் கூடுதல். இவற்றைத் தவிர மஞ்சள், சிவப்பு வகைகளும் உண்டு.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பெருக்கும் முறையில் இருக்கிறது. டெல்லி வகை மும்மடியக் குரோமோசோம் கொண்டது; அதாவது, அதன் உயிரணுக்களில் வழக்கமான இரண்டு தொகுதிக் குரோமோசோம்களுக்குப் பதில் மூன்று தொகுதிகள் இருக்கும். அதனால் அது விதை பிடிப்பதில்லை. தண்டுத் துண்டுகளிலிருந்துதான் புதுச்செடி எடுக்க முடியும். இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. டெல்லி கனகாம்பர விதை என்று எழுதிய பொட்டலத்தை வாங்காதீர்கள். அதில் என்ன விதை இருந்தாலும் அது டெல்லி வகையாக இருக்காது. அதேபோல், டெல்லி வகையை நட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல்முறை வளர்ப்பவருக்கு எந்த வகை ஏற்றது என்று கேட்டால், இடம் குறைவாகவும் பூ நிறைய வேண்டும் என்ற விருப்பமும் இருந்தால் டெல்லி என்பேன். செடி தானாகப் பெருகித் தோட்டத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்றால் விதை வகை. இரண்டுக்குமே மணம் கிடையாது. மணம் வேண்டுவோர் மல்லிகையை நாடுவதுதான் சரி.

2. நடும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கனமழைக் காலத்தைத் தவிர ஆண்டின் எந்த மாதத்திலும் கனகாம்பரத்தை நடலாம். ஆயினும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்வதால், அதற்குள் வேர் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். அல்லது மழை முடிந்த பிறகே நட வேண்டும். ஆகவே நமக்கு வாய்ப்பான காலங்கள் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை ஒன்று, ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை மற்றொன்று. செப்டம்பர் கடைசியில் நட்டால் செடிகள் வேர் பிடிப்பதற்கு முன்பே மழையில் அழுகக்கூடும்.

என் பரிந்துரை ஜூலை நடவு. காரணம், அதற்கு முன் வரும் ஏப்ரல், மே வெயிலை மண்ணைத் தூய்மை செய்யப் பயன்படுத்திக்கொள்ள முடியும். நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூ தொடங்கும்.

3. மண்ணைச் சோதியுங்கள்

இந்தச் செடிக்கு நம் தோட்டங்களில் உள்ள முதல் பகை நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அளவில் மண்ணில் வாழ்ந்து வேரைத் துளைத்து உண்ணும் புழு அது. கனகாம்பரத்தைத் தாக்குவன முக்கியமாக இரண்டு வகை: வேரில் முடிச்சுகளை உண்டாக்குவது ஒன்று, முடிச்சு இல்லாமல் வேரைக் கறுக்கச் செய்து அழுகவிடுவது மற்றொன்று. இவை உண்டாக்கும் புண்ணின் வழியே வாடல் நோய்ப் பூஞ்சையும் நுழைந்துவிட்டால் செடியைக் காப்பாற்றுவது கடினம். மேலே தெரியும் அறிகுறிகளோ சத்துக் குறைவைப் போலவே இருக்கும்: இலை சிறுத்தல், வெளிறல், வளர்ச்சி நின்றுபோதல், வெயில் ஏறியதும் துவளுதல். நான் ஏமாந்தது இங்கேதான்.

உங்கள் பாத்தியில் இதற்கு முன் கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றில் எதையேனும் வளர்த்திருந்தால், வேர்முடிச்சு நூற்புழு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பயிர்களும் அதற்கு உணவு. என் முதல் பாத்தி பழைய கத்தரிப் பாத்தி. மண் வளமாக இருக்கும் என்று எண்ணித் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நடவிருக்கும் இடத்தின் மண்ணை நான்கைந்து இடங்களில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, ஒரு சிறிய தொட்டியில் நிரப்பி, இரண்டு மூன்று தக்காளி விதைகளை ஊன்றுங்கள். ஆறு வாரங்கள் கழித்துச் செடியைப் பிடுங்காமல், மண்ணோடு எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாகக் கழுவுங்கள். பிடுங்கினால் முடிச்சுள்ள சிறு வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேர் தூய்மையாக இருப்பதுபோல் தோன்றும். முடிச்சு தெரிந்தால் அந்த மண் ஆகாது. முடிச்சு இல்லை என்பதால் மட்டும் முழு நம்பிக்கை கொள்ள வேண்டாம். வேரைக் கறுக்கச் செய்யும் வகை முடிச்சு போடுவதில்லை.

பத்துச் செடி வைப்பவருக்கு இந்த அளவு போதும். அரை சென்ட், ஒரு சென்ட் என்று நடுவதாக இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கார அமில நிலையையும் சத்துகளையும் அறிய வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமோ உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையமோ உதவும்; நூற்புழுவுக்கு, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது. மாதிரியோடு பெயர், முகவரி, இடம், முன்பு வளர்த்த பயிர், இனி வளர்க்கவிருக்கும் பயிர், மண் எடுத்த நாள் ஆகியவற்றை எழுதிய தாளை இணைக்க வேண்டும். கட்டணத்தையும் முடிவு கிடைக்கும் நாளையும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சத்துப் பரிசோதனைக்கு அரைக் கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புவது வழக்கம். நூற்புழுப் பரிசோதனைக்கு அப்படி உலர்த்தக் கூடாது. ஈர மண்ணையும், பழைய செடியின் வேர் கொஞ்சத்தையும் சேர்த்துப் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், கூடிய விரைவில் சேர்க்க வேண்டும். உலர்ந்துவிட்டால் புழு மடிந்து, மண் நல்ல மண் என்றே முடிவு வந்துவிடும். இரண்டு சோதனைக்கும் ஒரே பொட்டலத்தை நான் அனுப்பி, ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

4. பாத்தியை வெயிலுக்குக் கொடுங்கள்

ஏப்ரல் நடுவில் பாத்தியைக் கொத்தி, கட்டிகளை உடைத்து, நன்றாக நனையும்படி நீர் விட்டு, மெல்லிய, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடுங்கள். ஓரங்களைச் சுற்றி மண் அணைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்கள் அப்படியே விடுங்கள். கறுப்புத் தாள் கூடுதலாகச் சூடேற்றும் என்று பலர் அதை விரிக்கிறார்கள். உண்மையில் ஒளி ஊடுருவும் தாளின் அடியில்தான் மண் மிகுதியாகச் சூடேறும். இதனால் மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்களும் களை விதைகளும் பெருமளவு குறையும். ஆழத்தில் உள்ளவை தப்பிக்கும். அதனால் மூடாக்கை எடுத்த பிறகு மண்ணை ஆழமாகக் கிளறிக் கீழ்மண்ணை மேலே கொண்டுவராதீர்கள்.

பிறகு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ மக்கிய தொழுவுரமும், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் மேலாகக் கலந்து, ஈரமாக வைத்து, குறைந்தது இரண்டு வாரம் விட்ட பிறகே நட வேண்டும். புண்ணாக்குப் போட்ட மறுநாளே நட்டால் அது மட்கும்போது எழும் சூடு இளவேரைப் பாதிக்கும். மண் நீர் தேங்காததாக இருக்க வேண்டும்; கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருப்பது ஏற்றது. களிமண்ணாக இருந்தால் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமையுங்கள். என் அனுபவத்தில், களிமண் தோட்டத்தில் இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவருக்கு வேறு எந்தக் கவனிப்பும் பயன் தருவதில்லை.

தொட்டியில் வளர்ப்பவருக்கு வேலை எளிது. 10 முதல் 12 அங்குல விட்டமுள்ள தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆனால் பழைய காய்கறித் தொட்டியின் மண்ணை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மீது வைத்தால், அடித்துளை வழியே வேர் தரை மண்ணைத் தொடாது.

5. செடி வாங்கும்போது வேரைப் பாருங்கள்

வாங்குபவர் பெரும்பாலும் பூத்திருக்கும் செடியையே கேட்கிறார். நாற்றங்காலிலும் அதையே எடுத்துத் தருகிறார்கள். நீங்கள் பூக்காத, குட்டையான, மூன்று நான்கு கிளை பிரிந்த செடியைக் கேளுங்கள். பையின் ஓரத்தை லேசாகப் பிரித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். முடிச்சு, கறுப்பு, அழுகல் நாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பை நேரடியாகத் தரையில் இருந்து, வேர் பையைத் துளைத்து அந்தத் தரை மண்ணில் இறங்கியிருந்தால், அந்தச் செடியையும் தவிர்ப்பதே நல்லது. என் இரண்டாம் தொகுதிச் செடிகள் அப்படிப்பட்டவை. என் மண்ணில் இல்லாத நோயையும் அவை கொண்டுவந்திருக்கக்கூடும்.

ரசீது கேளுங்கள், அதில் வகையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளிலும் செடிகள் விற்பதுண்டு; நீங்கள் தேடும் வகை இருப்பில் உள்ளதா என்று முதலில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, நான் செடி ஒன்றுக்கு 20 முதல் 40 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். நான்காம் முறை பத்துச் செடிகளுக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 900 ரூபாய் ஆனது. அதில் 300 ரூபாய்தான் செடிக்கு. மீதி பாலித்தீன் தாளுக்கும், தொழுவுரத்துக்கும், புண்ணாக்குக்கும், மணலுக்கும். செடிக்கு ஆகும் தொகையைப்போல் இரு மடங்கை மண்ணுக்கு ஒதுக்கி வையுங்கள்.

6. நடுதலும் முதல் மாதமும்

மாலை நேரத்தில் நடுங்கள். விதை வகைக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ.; டெல்லி வகைக்குச் செடி இடைவெளி 40 செ.மீ. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டைப் புதைத்தால் அடித்தண்டு அழுகும். முதல் பத்து நாள் நண்பகல் வெயிலுக்கு ஒரு மறைப்புத் தேவை, தென்னங்கீற்று போதும். பிறகு நல்ல வெயில் வேண்டும். ஓரளவு நிழலைத் தாங்கும் செடிதான். ஆனால் நிழல் கூடினால் தண்டு நீண்டு கதிர் குறையும்.

முதல் மாதத்தில் வரும் கதிர்களைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், இருந்தாலும் செய்யுங்கள். அப்போதுதான் செடி பக்கவாட்டில் கிளைத்து, பிறகு ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கதிர் வைக்கும்.

பாத்தியின் ஓரத்தில் செண்டுமல்லியை ஒரு வரிசை நடுவது பயனுள்ளது. அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்துகிறது.

7. நீரும் உரமும்

மேல்மண்ணை ஒரு விரற்கடை ஆழம் தொட்டுப் பாருங்கள். அது காய்ந்த பிறகே நீர் விடுங்கள். தரையில் உள்ள செடிக்குக் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். தொட்டிக்கு அன்றாடம் தேவைப்படலாம். நண்பகலில் செடி துவண்டிருப்பதைக் கண்டவுடன் நீர் ஊற்றாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் அது வேரின் பிரச்சினை. நீர் அதை மேலும் கெடுக்கும்.

ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறிய நீரைப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றுதல். இவ்வளவே நான் செய்வது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பாயும் தோட்டங்களில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் பெர்ரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். முதிர்ந்த இலையும் சேர்ந்து வெளிறினால் தெளிப்பானை எடுப்பதற்கு முன் ஒரு செடியின் வேரைப் பாருங்கள்.

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளிக்கலாம்.

8. மழைக்காலம்

மழையில் பூ குறையும், அது இயல்பு. வடிகாலைத் திறந்து வைப்பதும், மழை நின்றதும் பாத்தியில் நீர் நிற்கிறதா என்று பார்ப்பதும், அடியில் உதிர்ந்த இலைகளை அகற்றுவதும் போதும். உரம் வேண்டாம். ஜனவரியில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் வரும்.

9. பூப்பறித்தல்

கதிரில் பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். ஒரு கதிர் முழுவதும் பூத்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில், கதிரைத் தொடாமல் பூவை மட்டும் உருவி எடுங்கள். பூத்து முடிந்த கதிரை அடியோடு கிள்ளிவிட்டால் அடுத்த கதிர் விரைவாக வரும். விதை வேண்டுவோர் மட்டும் சில கதிர்களை விட்டுவைக்க வேண்டும்.

10. அடுத்த தலைமுறைக்கான செடி

விதை வகையில் கதிர் காய்ந்து பழுப்பாகும்போது ஒவ்வொரு காயிலும் நான்கு விதைகள் வரை இருக்கும். காய்ந்த காயில் ஈரம் பட்டால் அது வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். மழைக்கு மறுநாள் விதை எடுக்கப் போனால் வெறும் சக்கைதான் மிஞ்சும். ஆகவே உலர்ந்த நாளில் கதிர்களைக் கத்தரித்து, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் போட்டு, நீரை லேசாகத் தெளித்து மூடிவையுங்கள். சிறிது நேரத்தில் விதைகள் மூடியில் மோதும் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். அந்த ஒலி ஓய்ந்த பிறகு திறந்து, விதைகளைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைத்துவிடுங்கள். அரை செ.மீ. ஆழம் போதும். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். எல்லாம் ஒரே நாளில் முளைக்காது என்பதால் தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். அறுபது நாள் நாற்றை எடுத்து நடலாம்.

டெல்லி வகைக்கு, பூ இல்லாத கிளையின் நுனியிலிருந்து மூன்று கணு கொண்ட 10 முதல் 12 செ.மீ. துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த கலவையில் ஊன்றி, ஒளி ஊடுருவும் பையால் மூடி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். நூற்புழு மண்ணிலும் வேரிலும் வாழ்வது. கிளை நுனியில் இருப்பதில்லை. எனவே வேரில் முடிச்சு விழுந்த செடியாக இருந்தாலும், அது வாடத் தொடங்குவதற்கு முன் நுனித் துண்டுகளை எடுத்துத் தூய கலவையில் ஊன்றினால் அந்த வகையை இழக்காமல் காக்கலாம். வாடிய செடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பூஞ்சை தண்டு வழியே வரும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி முதிர்ந்து கதிர் சிறுக்கும். அதற்கு முந்தைய ஜனவரிக் கவாத்தில் வெட்டிய கிளைகளிலிருந்தே புதுச் செடிகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவற்றை வேறு பாத்தியில் நடுங்கள். பழைய பாத்தியில் மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்து, பூத்ததும் மண்ணோடு மடக்கிக் கொத்திவிட்டு, அடுத்த ஏப்ரலில் மீண்டும் தாள் விரியுங்கள்.